நாலு கோடும் முழுசாக

மற்ற வீடுகளில் ரூட்டர் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். இல்லாவிட்டால் டிவிக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டு கிடக்கும். அத்தான் வீட்டில் அது ஷோகேஸுக்குள் கொலுவீற்றிருந்தது. அதற்குத் தேக்கில் ஒரு பீடம், பீடத்தில் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் 'அயராத முப்பத்து நான்கு ஆண்டுத் தொடர்புப் பணிக்கு' என்று பொறித்த எழுத்து. ஓய்வு பெறுகிறவர்களுக்கெல்லாம் சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்புவதுதான் அந்தத் தொலைபேசி அலுவலகத்தின் வழக்கம். அத்தானின் முறை வந்தபோது கடிகாரம் கையிருப்பில் இல்லை. ஸ்டோரில் கிடந்த ஒரு ரூட்டரைப் பலகையில் வைத்து நாலு திருகாணி முடுக்கி, மாலை போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். கடிகாரம் தீர்ந்துபோன விஷயத்தை அத்தானிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அலுவலகத்தின் வரலாற்றிலேயே ரூட்டர் பெற்ற ஒரே மனிதர் தாம்தான் என்று அவர் சொல்வதும் பொய்யில்லை.

தெருவில் அவருக்கு டைரக்டர் என்று பெயர். நிஜ டைரக்டர் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போயிருந்தபோது பதினோரு நாள் அந்த நாற்காலியில் பொறுப்பாக உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து அவர் எழுந்து வந்துவிட்டார். இவர்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஷோகேஸுக்கு முன்பக்கம் பூட்டுப் போட்ட கண்ணாடிக் கதவு. பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே இருக்கிற ஆறு கேடயங்கள் பார்க்கிறவர்களுக்கு இருபதாகத் தெரிய வேண்டும் என்று அத்தானே சொல்லிச் செய்ததாம். அடியில் ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்டிருந்தார். உள்ளே பச்சை விளக்கு சிமிட்டும்போது கண்ணாடிகளில் எதிரொளித்து, ஒரு ரூட்டர் ஏழெட்டு ரூட்டராகி, பார்க்க ஒரு பெரிய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போலவே இருக்கும். அதிலிருந்து வைஃபை வெளியே வருமா என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஹாலில் வந்தது. டைரக்டர் ஹாலில்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வந்தால் எல்லாருக்கும் வந்த மாதிரிதான்.

வராத இடத்தில் இருந்தவன், அவரை அத்தான் என்று கூப்பிடும் மச்சினன். வயது நாற்பத்தாறு. அக்கா அவனைத் தம்பி என்று கூப்பிட, அத்தானும் அப்படியே கூப்பிட, பால் போடுகிறவர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வரை எல்லாருக்கும் அவன் தம்பியாகிவிட்டான். நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன். கம்பெனி மூடியது. மனைவியும் ஒன்பது வயது மகளும் வேறு ஊரில் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். இவன் ஒரு சூட்கேஸோடு அக்கா வீட்டுக்கு வந்தான். பத்து நாள் என்று சொல்லித்தான் வந்தான். இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். ஹால், படுக்கையறை, நடை, சமையலறை, அதைத் தாண்டித் துணி துவைக்கிற இடம். அங்கிருந்து ஓர் இரும்புப் படிக்கட்டு ஏறினால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. உடைந்த உடற்பயிற்சி சைக்கிள், கால் ஆடும் கட்டில், தம்பி ஆகியவை அதில் இருந்தன. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. தொட்டியும் தகரமும் சேர்ந்து செல்போன் சிக்னலைக்கூட அண்ட விடுவதில்லை. யாருக்காவது பேச வேண்டுமென்றால் அவன் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குத்தான் வருவான்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு வேலை வந்தது. ஓர் இணைய நிறுவனத்தில், வீட்டில் நெட் வரவில்லை என்று புகார் சொல்கிறவர்களுக்கு, தன் வீட்டிலிருந்தபடியே நெட்டில் பதில் சொல்லும் வேலை. சிரிக்கலாம், அவன் சிரிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவனைக் கூப்பிட்ட ஒரே கம்பெனி அதுதான்.

பதினான்கு நாள் பயிற்சி, கடைசி வெள்ளிக்கிழமை பரீட்சை. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நிஜ வாடிக்கையாளர்களோடு பேச வேண்டும். கதவு மூடிய அறை, பின்னால் வெறும் சுவர், வேறு மனிதக் குரல் கேட்கக் கூடாது. எந்த அறையின் படத்தை அனுப்பிப் பதிகிறானோ அந்த அறையில்தான் உட்கார வேண்டும். நடுவில் மூன்று முறை லைன் அறுந்தால் கம்ப்யூட்டரே வெளியே தள்ளிவிடும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது.

தெருமுனையில் நின்று மனைவியிடம் சொன்னான். அவள் சந்தோஷப்பட்டுக் களைத்தவள்.

"இங்க ஸ்கூல்ல சேர்க்கை சனிக்கிழமையோட முடியுது. வெள்ளிக்கிழமை தெரிஞ்சதும் ஒரு வரி அனுப்புங்க. கிடைச்சா நாங்க மூட்டை கட்டிக்கிட்டு வந்துடறோம், ரெண்டு ரூமா பார்த்துக்கலாம். கிடைக்கலேன்னா இவளை இங்கேயே சேர்த்துடறேன். என்னையும் மருந்துக்கடையில வேலைக்குக் கூப்பிடறாங்க. அதுக்கப்புறம் வா வான்னு கூப்பிடக் கூடாது. நான் எத்தனை தடவை பாதி கட்டி அவிழ்க்கறது?"

"கிடைச்சுடும்" என்றான்.

"அதைத்தான் ஒரு வரி அனுப்புங்கன்னு சொல்றேன்."

அத்தானிடம் விஷயம் போனதும் அவர் முகத்தில் பத்து வயது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் கூட்டம் கூட்டினார். வந்திருந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேருக்கு வேறு போக்கிடம் இல்லை. கையில் ஒரு கோப்பு. மேலே 'வீட்டு அலைப்பரப்பு விரிவாக்கத் திட்டம், முதற்கட்டம்' என்று எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தது.

"பேசாம ஒரு வயர் இழுத்துட்டா முடிஞ்சுது அத்தான்" என்றான் தம்பி.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்து நாலு வருஷம் வயரோட மாரடிச்சவன் நான். என் வீட்டுச் சுவத்துல ஓட்டை போட்டு வயரா? பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இது அலைகளோட காலம்."

"எங்க ரூம்ல உட்கார்ந்துக்கட்டுமே, மூணு மணி நேரந்தானே" என்றாள் அக்கா.

"பெட்ரூம்ல கால் சென்டரா?"

அதோடு அந்தத் தீர்மானம் தோற்றது. அடுத்து ஆய்வு. டைரக்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் போட்டு உட்கார்ந்து, எத்தனை கோடு காட்டுகிறது என்று எழுதிக்கொண்டார். ஹாலில் நாலு கோடு, நடையில் இரண்டு, சமையலறையில் ஒன்று. குளியலறை வாசலில் ஒன்று வந்து ஒன்று போனது. இரும்புப் படிக்கட்டில் ஏறுவது அவருடைய முழங்காலுக்கு ஆகாது என்பதால், மேலே இருக்கிற நிலவரத்தைக் கீழே நின்று குரல் கொடுத்து அறிந்தார்.

"தம்பி, வருதா?"

"வரலை அத்தான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நாளுக்கு இருபது முறை இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் கேட்டன.

முதல் ரிப்பீட்டர் வந்தது. சிக்னலை வாங்கித் தாண்டி அனுப்புகிற சின்னப் பெட்டி. நேராகச் சுவரில் பிளக்கில் சொருகலாம். எங்கே நெட் வரவில்லையோ அங்கேதானே மருந்து போட வேண்டும் என்று சொல்லி, தம்பியின் கட்டில் தலைமாட்டிலேயே சொருகச் சொன்னார். அதற்கு 'டைரக்டர் ஒன்று' என்று பெயரும் வைத்தார். தம்பி போனைப் பார்த்தான். நாலு கோடும் முழுசாக எழுந்து நின்றன.

"வருதா?"

"நாலு கோடு வருது அத்தான்."

கீழே கைதட்டல் கேட்டது. ஒரே ஆளின் கைதட்டல். தம்பி கம்பெனியின் பக்கத்தைத் திறந்தான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் படுத்து, எழுந்து, முகம் கழுவி வந்தான், அது சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆனா ஒண்ணும் திறக்கலை அத்தான்."

"கோடு இருக்கா?"

"இருக்கு."

"முழுசா இருக்கா?"

"முழுசா இருக்கு. ஆனா…"

"அப்ப என் வேலை முடிஞ்சுது. இனிமே உன் போன் பொறுப்பு."

ரிப்பீட்டரின் மேல் தப்பில்லை. தன் காதில் விழுந்ததை உரக்கச் சொல்வதுதான் அதன் தொழில். அந்த அறையில் அதன் காதில் எதுவும் விழவில்லை. அந்த எதுவுமில்லாததை அது நாலு கோடு பலத்தோடு தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பதினோரு நாள் அலுவலகத்தை நடத்தியவருக்கு இதில் குறையொன்றும் தெரியாதது நியாயமே.

இரண்டாம் கட்டத்தில் 'டைரக்டர் இரண்டு' ஃபிரிட்ஜுக்கு மேலே ஏறியது. மூன்றாம் கட்டத்தில் 'டைரக்டர் மூன்று' துணி துவைக்கிற இடத்து ஜன்னலில் உட்கார்ந்தது. ஒருவர் சொல்லை ஒருவர் வாங்கிக் கடைசியில் தம்பியிடம் தருவது ஏற்பாடு. மூன்று டைரக்டர்களும் பச்சை விளக்கோடு ஜோராக இருந்தார்கள். பக்கம் திறக்க நாலு நிமிஷம் ஆனது, திறந்தவுடன் போனது. இதற்குள் பயிற்சியில் ஒன்பது நாள் கழிந்திருந்தது. பாடங்களை அவன் ஹாலில் டைரக்டரின் காலடியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பழைய லேப்டாப்பில் பார்த்தான்.

பத்தாம் நாள் பாடம்: வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. "உங்கள் ரூட்டர் எங்கே இருக்கிறது?" திரையில் பாடம் நடத்திய பெண் இனிமையாகச் சொன்னாள்: "அலமாரிக்குள் என்று சொன்னால் அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டாம். முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள்." பிறகு ஒரு படம் வந்தது. கண்ணாடிக் கதவு, பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி, நடுவில் ரூட்டர். அதன் குறுக்கே சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ரசப்பூச்சு சிக்னலைத் திருப்பி அடித்துவிடுமாம்.

தம்பி தலையைத் தூக்கி எதிரே இருந்த ஷோகேஸைப் பார்த்தான். ஏழெட்டு ரூட்டர்கள் அவனைப் பார்த்துக் கண் சிமிட்டின. பெருக்கல் குறி ஒன்றுதான் பாக்கி.

மூன்று நாள் நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு திரிந்தான். புதன்கிழமை, பயிற்சியில் கற்ற பணிவான குரலிலேயே ஆரம்பித்தான்.

"அத்தான், ரூட்டர் எங்க இருக்குங்கறது முக்கியமாம்."

"அதுதான் இருக்க வேண்டிய இடத்துல இருக்கே."

"இல்ல, கண்ணாடிக்குள்ள இருந்தா…"

"கண்ணாடியில வெளிச்சமே போகுது. அலை போகாதா?"

"முன்கண்ணாடி சரி. பின்னாடி முகம் பார்க்கிற கண்ணாடி ஆச்சே."

டைரக்டர் செய்தித்தாளை மடித்தார். மடிப்பின் மேல் இரண்டு முறை நகத்தால் நீவினார். "அதுல போய் உன் முகத்தை ஒரு தடவை பாரு தம்பி. பார்த்துட்டு, எனக்கு நெட்வொர்க் பாடம் எடுக்கலாமான்னு நீயே சொல்லு."

தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. வேலையில்லாத மனிதன் அக்கா புருஷனோடு வாதாடுவதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை சாப்பாட்டு மேஜைக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும்.

சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இப்பதான் கண்டுபிடிச்சியா?" என்றாள். "வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பீடத்தை வெளியே எடுத்துத் துடைப்பேன். அந்தப் பத்து நிமிஷம் இங்க அடுப்படியில பாட்டு நிக்காம ஓடும். உள்ளே வச்சதும் நின்னுடும்."

"அப்ப சொல்றதுதானே அக்கா?"

"சொன்னா அதுக்கொரு மீட்டிங் போடுவார். கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு மீட்டிங்ல பேசியிருக்கேன். போதும்."

சர்க்கரை டப்பாவைத் திறந்து, உள்ளே விரலை விட்டுத் துழாவி, ஒரு குட்டிச் சாவியை எடுத்துத் தட்டினாள். "ஷோகேஸ் வாங்கினப்ப ரெண்டு சாவி குடுத்தான். ஒண்ணு தொலைஞ்சுபோச்சுன்னு அவர் நினைச்சிட்டிருக்கார்."

டைரக்டர் தினமும் ஒன்பதரைக்கு ஓய்வூதியர் சங்கத்துக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். வெள்ளிக்கிழமை அவர் தலை மறைந்ததும் ரூட்டரை எடுத்து ஷோகேஸ் தலைமேல் வைப்பது, ஒரு மணிக்குத் திரும்ப உள்ளே வைப்பது. இவ்வளவுதான் திட்டம். கோப்பு போடவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். டைரக்டர் வெளியே போனதும் அக்கா பீடத்தை அலுங்காமல் தூக்கி மேலே வைத்தாள். தம்பி இரும்புப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். கம்பெனியின் பக்கம் கண் இமைப்பதற்குள் திறந்தது. மூன்று டைரக்டர்களுக்கும் கடைசியில் சொல்வதற்கு ஏதோ கிடைத்துவிட்டது. மகளை வீடியோவில் கூப்பிட்டான். எப்போதும் வாயைப் பாதி திறந்தபடி சிலையாகி நின்றுவிடும் அவள் முகம் இன்று ஆடியது, திரும்பியது, மூக்கைச் சொறிந்தது.

"இன்னிக்கு நீ நகர்றியேப்பா" என்றாள்.

"ஆமா. இன்னிக்கு நகர்றேன்."

"எப்பவும் நீ நின்னுடுவே. அம்மா சொல்லுவா, உங்கப்பா அப்படித்தான்னு."

அவள் பின்னால் நாற்காலியில் ஒரு பழைய பெட்டி திறந்து கிடந்தது. பாதி அடுக்கியிருந்தது. வைப்பதற்கா எடுப்பதற்கா என்று அவன் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு டைரக்டர் சட்டை போட்டார், தலை வாரினார், ஹாலில் வந்து உட்கார்ந்தார்.

"சங்கத்துக்கு போகலையா?" என்றாள் அக்கா.

"சங்கமே இங்க வருது. நாலு பேரைக் கூப்பிட்டிருக்கேன். விரிவாக்கத் திட்டம் எப்படி நடக்குதுன்னு நேர்ல பார்க்கட்டும். மேலே தம்பி பேசறான், கீழே நான் விளக்கம் சொல்றேன். டீ போடு."

தம்பி இதை இரும்புப் படியில் நின்று கேட்டான். அக்கா நடையில் வந்து அவனைப் பார்த்துக் கையை விரித்தாள். சாவி அந்தக் கையில்தான் இருந்தது. மணி பத்தாக ஏழு நிமிஷம். அவன் மேலே போய்க் கதவைச் சாத்தினான்.

முதல் அழைப்பு ஒரு டெய்லர். கடையின் பின்னறையில் நெட் வரவில்லையாம்.

"உங்க ரூட்டர் எங்க இருக்கு சார்?"

"பீரோல. யாராச்சும் தூக்கிட்டுப் போயிடுவாங்களேன்னு பூட்டி வச்சிருக்கேன்."

"வெளியே எடுத்து உயரமா ஒரு இடத்துல வைங்க சார்."

பீரோ கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு டெய்லரின் குரல் குழந்தையின் குரலாகியிருந்தது. "வந்துடுச்சு சார். அட, இவ்வளவுதானா? இதுக்கா ஆறு மாசம் அவஸ்தைப்பட்டேன்? நீங்க நல்லா இருக்கணும் சா—"

லைன் அறுந்தது. திரையின் மூலையில் சிவப்பில் 'ஒன்று' என்று விழுந்தது. மணி பத்து பன்னிரண்டு. தானே திரும்பி வந்து, பத்து இருபத்தைந்துக்கு மறுபடி அறுந்தது. 'இரண்டு.' போனின் மேல் ஓரத்தில் நாலு கோடும் முழுசாக நின்றுகொண்டிருந்தன.

அதற்கப்புறம் நடந்தது தம்பிக்கு அப்போது விளங்கவில்லை. நெட் திடீரென்று தண்ணீர் மாதிரி ஓடத் தொடங்கியது. பத்தரையிலிருந்து பதினொன்றானது, பதினொன்றரை, பன்னிரண்டு. கல்லூரி மாணவி, பல் டாக்டர், தன் வீட்டு நெட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் குடிக்கிறார் என்று சந்தேகப்பட்ட ஒரு பெரியவர், எல்லாருக்கும் பதில் சொன்னான். மேற்பார்வையாளர் எழுத்தில் 'நன்று' என்று அனுப்பினார். பன்னிரண்டரைக்கு இன்னொரு 'நன்று' வந்தது. தகரக் கூரை காய்ந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு ரூம் என்றால் ஜன்னல் இருக்கிற ரூமை மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு அழைப்புகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. அவன் அதை எழுப்பி அனுப்பவில்லை.

கீழே நடந்ததைப் பின்னால் அக்காதான் சொன்னாள். டீ கொடுக்கும்போது மேலே லைன் தடுமாறிக்கொண்டிருக்கும் என்று ஊகித்து, கும்பிடுகிற பாவனையில் கணவரிடம் சொன்னாளாம்: "அந்தத் தகடு இவங்க யாரும் கிட்டத்துல பார்த்ததில்லையே. வெளியே எடுத்துக் காட்டுங்களேன்." இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் அவர் தட்டாமல் கேட்ட முதல் யோசனை அது. பூட்டைத் திறந்து, வயரோடு பீடத்தை எடுத்து டீப்பாய் நடுவில் வைத்தார். அங்கே, வெட்டவெளியில், இரண்டே கால் மணி நேரம் அது இருந்தது. விருந்தாளிகள் மூன்று பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து, அலைகளின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டுக் கொட்டாவி விட்டார்கள். அவர்களுக்கு பிஸ்கட் தீரத் தீர அக்கா தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தாள். தட்டு காலியானால் எழுந்துவிடுவார்கள், எழுந்தால் ரூட்டர் உள்ளே போய்விடும்.

நாலாவது ஆள் சங்கத்தின் செயலாளர். தாமதமாக வருவது அவருடைய பதவிக்கு உரியது. பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். வந்தவர் தகட்டைப் பார்த்தார்.

"என்னமோ எழுதியிருக்கே. கண்ணாடி கொண்டு வரலையே. இந்த இருட்டுல தெரியலை."

"ஜன்னல்கிட்ட கொண்டு போய்ப் பாருங்க சார்" என்றார் டைரக்டர். "கையில வாங்கிப் பாருங்க. கனம் தெரியும். சாதா பரிசு இல்ல."

வயர் ஜன்னல் வரை எட்டவில்லை. அக்கா வாயைத் திறந்தாள். "இருங்க, நான் வேணா லைட்டைப் போடறேன்" என்பதில் பாதி வருவதற்குள், முப்பத்து நாலு வருஷம் வயரோடு மாரடித்த கை வயரைப் பிடுங்கிவிட்டது.

மேலே ஒரு பள்ளி ஆசிரியை தன் வீட்டு ரூட்டரை அலமாரியிலிருந்து எடுக்கப் போயிருந்தாள். 'இருங்க, எடுத்துட்டேன்' என்ற குரல் 'எடு'வில் நின்றது. மூலையில் 'மூன்று' விழுந்தது. மணி பன்னிரண்டு நாற்பத்தொன்பது.

'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. உங்கள் வீட்டு இணைய வசதி எங்கள் தரத்துக்கு ஏற்றதாக இல்லை. பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகு மீண்டும் முயலலாம்.' இந்த மூன்று வரியும் ஒரு தடுமாற்றமில்லாமல் திரைக்கு வந்தன. அதை முதல் நாளே கொண்டுவந்து உள்ளே வைத்திருந்தார்கள் போலும். அதைக் காட்டுவதற்கு நெட் தேவைப்படவில்லை.

தம்பி ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரை ஒழுங்காகச் சுற்றிக் கட்டிலில் வைத்தான். இரும்புப் படியில் காலடி கேட்டது. அக்கா வந்து வாசலில் நின்றாள். திரையைப் பார்த்தாள். கீழே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் லைட்டைப் போட்டிருக்கணும்டா. முதல்லயே போட்டிருக்கணும்."

"விடு அக்கா."

"பதினோரு நிமிஷம்."

"விடுன்னா."

பதினோரு நாள், பதினோரு நிமிஷம் என்று கணக்கு அவனுக்குள் தானாக ஓடியது. அதற்குச் சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு போனை எடுத்து மனைவிக்கு ஒரு வரி எழுதினான். 'கிடைக்கல. பாப்பாவை அங்கேயே சேர்த்துடு.' எழுதினால் கொஞ்சம் இறங்கும் என்று எழுதினான். எழுதிய கையோடு அனுப்பும் அம்பையும் அழுத்தினான். வரிக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் வந்து நின்றது. போகவில்லை. இந்த அறையிலிருந்து எதுவும் போகாது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் அழுத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அறை அவனுக்குச் சாதகமாக இருந்தது. அது போகாதவரை அந்த ஊரில் ஒரு பெட்டி பாதி அடுக்கியபடியே இருக்கும்.

அக்கா எட்டிப் பார்த்துப் படித்தாள். "அழிச்சுடு. இதை இப்படியா சொல்லுவாங்க? சாயங்காலம் நானே அவகிட்ட பேசறேன். இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கோன்னு கேக்கறேன். நான் கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டா."

"கேட்பியா?"

"கேக்கறேன்டா. அழி."

அவன் அந்த வரியின் மேல் விரலை அழுத்தி வைத்தான். 'நீக்கவா?' என்று போன் கேட்டது. கீழே நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ தகட்டின் வாசகத்தை உரக்கப் படித்துப் பாராட்டினார்கள். டைரக்டர் பீடத்தை மறுபடி டீப்பாய் நடுவில் வைத்து, செயலாளருக்கு விளக்கு எரிவதைக் காட்டுவதற்காக வயரைச் சொருகி இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. நெட் ஹாலைத் தாண்டி, ஃபிரிட்ஜைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி வந்தது. ஒரு டைரக்டர்கூட ஓர் எழுத்தையும் தவறவிடவில்லை.

கடிகாரம் மறைந்தது. அந்த இடத்தில் ஒரு டிக் கோடு விழுந்தது. இரண்டு விழுந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

'சரி' என்று வந்தது.

அதற்கு மேல் ஏதோ எழுதுகிறாள் என்று காட்டியது. பிறகு அதுவும் நின்றது. அக்கா சுவரில் சாய்ந்து, கையில் இருந்த குட்டிச் சாவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னும் சர்க்கரை ஒட்டியிருந்தது.

"தம்பி," கீழேயிருந்து குரல் வந்தது, விருந்தாளிகளுக்கும் கேட்கிற மாதிரி, "இப்ப வருதா?"

தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொன்னான்.

"வந்துடுச்சு அத்தான்."

"பார்த்தீங்களா" என்றார் டைரக்டர்.